அரைக்கால் அங்குலச் சாவி

பாய் ஒரு பாட்டை முழுதாக வாசித்து நான் கேட்டதே இல்லை. இத்தனைக்கும் பதினொரு பேஸ் கிட்டார் வைத்திருந்த மனிதர். ஒன்றை எடுத்து மடியில் வைப்பார். நாலு தந்தியையும் ஒரு முறை தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். சரி, பாட்டு வரப்போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காரும் நேரத்தில், கிட்டாரைக் குப்புறப் போட்டுத் திருப்புளியைத் தேடுவார்.

"வாசிங்க பாய்" என்றால், "வாசிக்கத்தான் ஊரெல்லாம் ஆளு இருக்குலா அண்ணே. இதுக்கு எங்க வலிக்குதுன்னு யாரு கேக்குறது?" என்பார்.

பேஸ் கிட்டாரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாண மேடையில் ஓரமாக நிற்கும், யாரும் கவனிக்காத ஆசாமியின் கையில் இருப்பது அதுதான். நீளமான கழுத்து, நாலே நாலு தடித்த தந்திகள். அது ஒலிக்கும்போது யாருக்கும் தெரியாது. நின்றுபோனால், பாட்டிலிருந்து ஏதோ கழன்று விழுந்ததுபோல் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஈப்போ பழைய டவுனில் பாயின் அண்ணன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அங்கே காலையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா வீசுவது பாயின் வேலை. முப்பது வருடத்துக்கு மேல் வீசியிருப்பார். பதினொரு மணிக்குக் கல்லை அணைத்ததும், பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் மூன்று முறை கை கழுவுவார். விரல்களை முகர்ந்து பார்ப்பார். நெய் வாசம் ஒட்டியிருந்தால் நான்காம் முறை. அதன் பிறகே மாடிக்குப் போவார். மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, மற்றதெல்லாம் கிட்டார்கள். கீழேயிருந்து மீன் கறியின் வாசம் ஏறி வந்துகொண்டே இருக்கும். அந்த அறைக்குப் போய்வந்த எந்தக் கிட்டாரின் பெட்டியைத் திறந்தாலும் எனக்குப் பசியெடுக்கும்.

பதினொன்றில் எதுவும் கடையில் வாங்கினபடி இருந்ததில்லை. ஒன்றின் முகப்புத் தகடு, அண்ணன் கடையின் ஆரஞ்சு நிறச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து வெட்டியது. இன்னொன்றில் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ், சட்டி மூடியின் பிடி. ஒன்றின் உடம்பை, கமுந்திங்கில் ஒரு நாற்காலித் தொழிற்சாலை கழித்துப்போட்ட ரப்பர் மரத் துண்டுகளை ஒட்டி அவரே செதுக்கியிருந்தார். நான் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணியின் மகனாகப் பிறந்தவன். "எங்கப்பா கணக்கெழுதின மரமா இருக்கும் பாய்" என்றேன். கிட்டாரைத் தூக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"அப்படின்னா பாலு வடியுதான்னு பாத்துச் சொல்லுங்கண்ணே."

அவரிடம் நான் போனது என் அறுபத்து மூன்றாம் வயதில். நீர்விநியோக இலாகாவில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். என்னைப் போல் ஓய்வு பெற்ற நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு ஆரம்பித்தோம். டிரம்ஸ் வாசித்தவர் லிம். தபால் அலுவலகத்தில் இருந்த சீனர், தமிழர்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழில் கிண்டல் செய்வார். பேஸ் வாசிக்க ஆள் இல்லை. "எஞ்சினியர், நாலு பைப்புதான, நீங்க எடுத்துக்குங்க" என்று லிம்தான் என்னைப் பிடித்துத் தள்ளினார்.

நான் வாங்கிய பழைய கிட்டாரைப் பாயிடம் கொண்டுபோனேன். அவர் கிட்டாரைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பிடித்து, விரல்களை விரித்து, மடக்கி, சுண்டு விரலை ஆட்டிப் பார்த்தார்.

"இந்த விரலு எப்ப ஒடைஞ்சிச்சு?"

"பள்ளிக்கூடத்துல, பந்து விளையாடறப்ப."

"அதான் பாத்தேன். தந்திய ஒரு பத்து காசு கனத்துக்கு எறக்கணும். கிட்டாருதாண்ணே ஆளுக்குத் தக்க வளையணும். ஆளு வளையக்கூடாது."

அவர் கொள்கை அவ்வளவுதான். பெந்தோங் பக்கம் இருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்ததற்கு அதுதான் காரணம். ஒரு சர்ச்சில் வாசிக்கும் பெண் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பத்தோடு வந்தாள். கிட்டார் வயிற்றில் இடிக்கிறது, நிறுத்திவிடு என்று வீட்டுக்காரர் சொல்கிறாராம். பாய் அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கிட்டாரை மாட்டிவிட்டார். நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். வார்ப்பட்டை மாட்டும் பொத்தானைக் கழற்றி நாலு அங்குலம் தள்ளித் திருகினார். கிட்டார் அவள் இடுப்போரம் சாய்ந்து அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. "பிள்ள பொறந்ததும் வாம்மா, பழைய எடத்துக்கே மாத்திடலாம்" என்றார். அப்படியே மாற்றியும் கொடுத்தார். இடையில் போட்ட ஓட்டையைப் பல்குத்தும் குச்சியும் பசையும் வைத்து அடைத்ததை அவர் காட்டியபோதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

இனி அவருடைய பெரிய விதியைச் சொல்ல வேண்டும். என் குற்றம் அதில்தான் இருக்கிறது.

கிட்டாரின் கழுத்து மரம். நாலு தந்திகளும் இரவு பகலாக அதை முன்னால் இழுக்கின்றன. அந்த இழுப்புக்கு எதிராகக் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் முனையில் ஆறு பட்டைக் குழியுள்ள ஒரு திருகு. அதை முடுக்கினால் கழுத்து பின்னால் நிமிரும். தளர்த்தினால் முன்னால் வளையும். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நம் ஊரில் அந்த மரம் சும்மா இருப்பதில்லை. அதனால் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பாய் ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருக மாட்டார். வந்தவர் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாலும் சரி.

"கால் சுத்து. அப்புறம் கோப்பி. மிச்சம் நாளைக்கு."

"நாளைக்கு நான் எங்கண்ணே வர்றது?" என்பார்கள்.

"சாபார்லா, பொறுங்க. மாவப் பெசஞ்ச ஒடனே வீச முடியுமா? ராத்திரி முழுக்கத் தூங்கினாத்தான் காலைல விரியும். மரமும் அப்படித்தான். தூங்கி எந்திரிக்கட்டும்."

அந்தக் குழிக்குள் விட்டுத் திருகும் ஆறு பட்டைச் சாவிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அமெரிக்கக் கிட்டார்களின் திருகுக்கு அங்குலக் கணக்குச் சாவி. ஜப்பான் கிட்டார்களுக்கு மில்லிமீட்டர். அரைக்கால் அங்குலத்துக்கும், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கும், மூன்று மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் இரண்டு தலைமுடிக் கனம் இருந்தால் அதிகம். அதைக் கேட்டதும் நான் என் பிரதாபத்தை அவிழ்த்துவிட்டேன். நாடு அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாறிய காலத்தில் நான் இலாகாவில் புதிது. ஒரு மேஸ்திரி அங்குலக் குழாயில் மில்லிமீட்டர் இணைப்பை வலுக்கட்டாயமாக ஏற்றி, ஒரு தெருவையே தண்ணீரில் மூழ்கடித்தார். நூறு பேர் முன்னால் அவரை நான் ஏசினேன். இந்தக் கதை பாய்க்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. புதிதாக யார் வந்தாலும், "எஞ்சினியர் அண்ணே, அந்த மேஸ்திரி கதையச் சொல்லுங்க" என்பார். நானும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சத்தமாக ஏசினேன்.

தைப்பிங்கில் ஒரு தம்பதியின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். என் கிட்டாரில் மின்கம்பி ஏதோ கோளாறு. பாய் தன்னுடைய சிவப்புக் கிட்டாரைக் கொடுத்தார். அது அமெரிக்காவில் செய்தது, பதினொன்றில் மூத்தது. அவர் யாருக்கும் இரவல் தராதது. சனிக்கிழமை கால் சுற்றுத் திருகி, என் சுண்டு விரலுக்குத் தக்கபடி தந்தியை இறக்கி, பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

"தைப்பிங் மழை ஊரு. மண்டபத்துல ஏர்கோன் வேற. கொஞ்சம் எரைச்சல் வரலாம். வந்தா தொடாதீங்க. அப்படியே வாசிச்சிருங்க. திங்கக்கிழமை கொண்டாங்க, நான் பாத்துக்குறேன்."

மண்டபத்தில் சொன்னபடியே இரைந்தது. கழுத்தின் ஏழாவது கட்டத்தில் விரல் வைத்தால் தந்தி உலோகத்தில் உரசி, 'ஸ்ஸ்' என்றது. லிம் குச்சியைச் சுழற்றிக்கொண்டே, "என்ன எஞ்சினியர், உள்ள கொசு வளக்குறீங்களா?" என்றார். ஒலிபெருக்கி வைத்த பையன்கள்கூடச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

காருக்குப் போனேன். வீட்டு அலமாரியின் பலகைகளைத் திருகிச் சேர்க்கக் கொடுத்த மூன்று மில்லிமீட்டர்ச் சாவி ஒன்று கிடந்தது. அதைத் திருகில் விட்டால் ஆடியது. ஆட்டத்தை எடுக்க, குழாய் இணைப்பில் சுற்றும் வெள்ளை நாடாவைச் சாவி முனையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். முப்பது வருடப் பழக்கம், அந்த நாடா என் காரில் எப்போதும் இருக்கும். சத்தம் வந்தால் எங்கோ தளர்வு, தளர்வு என்றால் முடுக்கு. குழாய் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். கிட்டாருக்கு அது நேர் தலைகீழ் என்பது மறந்துபோயிற்று. முடுக்கினேன். இரைச்சல் கூடியது. கூடியதால் இன்னும் முடுக்கினேன். முக்கால் சுற்றுக்கு மேல் போனபோது சாவி வழுக்கிச் சுழன்றது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. முறுக்கைக் கடித்த மாதிரி.

அன்றிரவு, எழும்பி நின்ற ஒரு தந்தியை விட்டுவிட்டு மூன்று தந்தியில் ஒப்பேற்றினேன். யாருக்கும் தெரியவில்லை. பேஸ்தானே.

திங்கட்கிழமை பாய் பெட்டியைத் திறந்தார். தந்திகள் கொடிக்கயிறு போல் கழுத்தைவிட்டு எழும்பி நின்றன. திருகுக்குக் கீழே தலைமுடி போல் ஒரு வெடிப்பு. விரலால் திருகின் குழியைத் தடவினார். பட்டைகள் மழுங்கியிருந்தன. என்னை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பிஸ்கட் டின்னைத்தான் பார்த்தார். அந்த வருடம் அவருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது.

"நான்தாண்ணே" என்றார். "சனிக்கிழம மாத்திப் போட்டுட்டேன் போல. இன்ச் கீக்குப் பதிலா மில்லி. ரெண்டும் ஒரே டின்னுல கெடக்கு பாருங்க."

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. வாயைத் திறக்கவும் செய்தேன். என்ன சொன்னேன் தெரியுமா?

"வயசாச்சு பாய். எல்லாருக்கும் வர்றதுதான்."

அவர் தலையாட்டினார். டின்னை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அதற்குப் பிறகு யார் கிட்டாரையும் அவர் தொடவில்லை. வருகிறவர்களிடம், "கை போச்சு தம்பி, பினாங்குல நல்ல ஆளு இருக்கான்" என்று அனுப்பிவிடுவார். ரொட்டி வீசிவிட்டு ஒரே முறை கை கழுவினார். மாடிக்குப் போகாமல் கடை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பதினொரு கிட்டாரின் மேலும் பழைய கைலிகளைப் போர்த்திவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி. நான் வாரம் இரண்டு தடவை போனேன், தே தாரிக் டீ குடித்தேன், ஊர்க்கதை பேசினேன். மேஸ்திரி கதையை மட்டும் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் லிம் வந்து சொன்னார். "பாய் எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கப் போறாராம். அடுத்த வாரம் லோரி வருது. கேட்டா, 'ஒடைக்கிற கையில எதுக்குலா பதினொண்ணு'ன்னு சொல்றாரு."

அன்று நான் மாடிக்கு ஏறினேன். பாய் கிட்டார்களைச் சுவரோரம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், அந்தக் கழுத்த நீங்க ஒடைக்கல. நான்தான்."

அவர் சிரித்தார். உண்மையான, அன்பான சிரிப்பு. "நல்ல மனசுண்ணே ஒங்களுக்கு. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க."

"ஆறுதல் இல்ல. தைப்பிங்ல வெச்சு நான் முடுக்கினேன். மூணு மில்லி கீயால."

"யாரு, நீங்க? இன்ச்சுக்கும் மில்லிக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு நூறு பேரு முன்னால மேஸ்திரிய ஏசின ஆளு நீங்க. போங்கண்ணே. இத லிம்கிட்ட சொன்னாக்கூட நம்பமாட்டாரு."

நான் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அவர் எனக்கு நன்றி சொன்னார். என்னுடைய நல்ல பெயர் ஒரு சுவரைப் போல் எங்களுக்கு நடுவில் நின்றது. நானே கட்டிய சுவர்.

கடைசியில், "சிவப்பு கிட்டார எடுங்க பாய். திருகுக் குழிக்குள்ள ஊசி விட்டுப் பாருங்க" என்றேன்.

என் திருப்திக்காகத்தான் எடுத்தார். கண் அறுவை முடிந்து அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. ஊசியை விட்டுக் குடைந்தார். வெள்ளையாக ஒரு நூல் வந்தது. இழுத்தார். கிழிந்து நசுங்கிய நாடா, விரல் நீளத்துக்கு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொட்டி வீசுகிறவர் வீட்டில் அந்த நாடா இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"எத்தன சுத்து?"

"முக்காலுக்கு மேல."

"ஒரே நேரத்துலயா?"

"ஒரே நேரத்துல."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாடாவை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்.

"வயசாச்சு பாய்னு சொன்னீங்கள்ல."

"சொன்னேன்."

"கீழ போயி தே குடிங்கண்ணே" என்றார். நான் கீழே போய் உட்கார்ந்தேன். தே ஆறி, மேலே ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் இறங்கி வரவில்லை.

லோரி வரவில்லை. இரண்டு வாரத்தில் சர்ச்சுப் பெண்ணின் கிட்டார் மாடிக்கு ஏறியதாக லிம் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பாய் மறுபடியும் மூன்று முறை கை கழுவினார். சிவப்புக் கிட்டாருக்குப் புதிய கழுத்து தேடிப் போட்டார். அங்குலச் சாவிகளுக்கெல்லாம் சிவப்பு நூல் கட்டினார். தவறு தன்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகும் கட்டினார்.

ஒரு மாதம் கழித்து என் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். கடையில் லிம்மும் இன்னும் நாலு பேரும் பசியாறிக்கொண்டிருந்தார்கள். பாய் என் பெட்டியைப் பார்த்தார். மாடிக்குப் போய், சிவப்பு நூல் கட்டிய அரைக்கால் அங்குலச் சாவி ஒன்றை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"எஞ்சினியர் அண்ணே, இது ஒங்ககிட்ட இருக்கட்டும். இனிமே நீங்களே பாத்துக்குங்க."

லிம் மேசையைத் தட்டினார். "அடேயப்பா, பாய் தன் சாவியவே குடுத்துட்டாரு! வாரிசு வந்தாச்சு!" எல்லாரும் கைதட்டினார்கள். பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் பார்வையை விலக்கிக்கொண்டு மாவுத் தட்டுக்குத் திரும்பினார்.

என் கிட்டார் ஜப்பானில் செய்தது. அந்தச் சாவி அதற்குப் பொருந்தாது. அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அதன்பின் மூன்று வருடம் நாங்கள் நன்றாகத்தான் பழகினோம். கிண்டலும் தேயும் எதுவும் குறையவில்லை. ஆனால் என் கிட்டாரை அவர் தொடவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

போன மழைக்காலத்தில் பாய் காலமாகிவிட்டார். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதலுக்கு அடுத்த வாரம் முதல் ஆள் என் வீட்டுக் கதவைத் தட்டினார், தோளில் கிட்டார்ப் பெட்டியோடு. "பாய் சாவி ஒங்ககிட்டதான இருக்கு, அங்கிள்." இதுவரை ஏழு பேர் வந்துவிட்டார்கள். சர்ச்சுப் பெண்ணின் கிட்டார் இப்போது என் கட்டிலருகே சாய்ந்து நிற்கிறது. அதன் பெட்டியைத் திறந்தால் இன்னும் மீன் கறி வாசம்.

பாயிடம் ஒரு முறை ஒப்புக்கொண்டதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். கைதட்டலை வாங்கிக்கொண்டு சிரித்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தச் சாவி எனக்குக் கிடைத்த பட்டம் இல்லை. இனி உன் கிட்டாரை நான் தொடமாட்டேன் என்று ஒரு மரியாதையான மனிதர் சொன்ன விதம் அது.

என்னிடம் கிட்டார் கொண்டுவருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொண்டு வாருங்கள். படித்த பிறகும் கொண்டுவந்தால், கால் சுற்றுதான் திருகுவேன். மறுநாளும் வரவேண்டியிருக்கும்.